புது கோல்ஃப் மட்டை விளம்பரத்தை எப்படிப் படிப்பது? புதிதாக ஆட வருபவர்களுக்கு

கோல்ஃப் பழக ஆரம்பித்தவர் ஜனவரி மாதத்தில் தெரியாத்தனமாக ஒரு டிரைவர் (அதிக தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டை) விளம்பரத்தைத் தட்டிவிட்டால் போதும், அப்புறம் போனில் வேறெதுவும் வராது. கார்பன் முகம் (பந்தில் படும் பக்கம்), செயற்கை நுண்ணறிவு போட்ட வடிவமைப்பு, 10,000 என்று என்னவோ ஒரு எண், கூடவே "இதுவரை நாங்கள் செய்ததிலேயே அதிக தூரம்" என்ற வரி. பெரிய கம்பெனிகள் புது மாடலைக் கடைக்கு அனுப்புவதும், ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் பிஜிஏ ஷோ என்ற வியாபாரக் கண்காட்சி நடப்பதும் அந்த மாதத்தை ஒட்டித்தான். ஒரு டிரைவரின் விலை அமெரிக்காவில் 600 டாலரைத் தொட்டுவிட்டது. அவ்வளவு பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் விளம்பரத்தில் எது சரக்கு, எது சத்தம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் நல்லது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் வீரர்களின் சராசரி டிரைவ் தூரம் 2003இல் சுமார் 286 கெஜம். 2023இல் சுமார் 300. இருபது வருடத்தில் ஏறியது ஏறக்குறைய 14 கெஜம். அதிலும் மட்டைக்கு மட்டும் பங்கில்லை. பந்து மாறியிருக்கிறது, வீரர்கள் உடற்பயிற்சி செய்து ஸ்விங், அதாவது மட்டையை வீசும் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். ஆனால் விளம்பரங்களோ வருடா வருடம் "போன மாடலைவிட 8 கெஜம் கூடுதல்", "10 கெஜம் கூடுதல்" என்கின்றன. அவை எல்லாம் உண்மையாக இருந்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் இன்று எல்லோரும் 480 கெஜம் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். எந்த நிபந்தனையில் அது உண்மை என்பதைத்தான் சின்ன எழுத்தில் போடுகிறார்கள்.

முதல் வேலை: உச்சவரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரிந்துவிட்டால் பாதி விளம்பரம் தானாகவே விளங்கிவிடும். மட்டைகளுக்கு விதி வகுப்பவை இரண்டு அமைப்புகள்: அமெரிக்காவில் யுஎஸ்ஜிஏ, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஆர் அண்ட் ஏ. டிரைவருக்கு இவர்கள் வைத்திருக்கும் எல்லைகளில் முக்கியமானவை நான்கு. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நீளம் 48 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. 2022 முதல் பெரிய போட்டிகள் விரும்பினால் 46 அங்குலம் என்று கட்டுப்படுத்திக்கொள்ளலாம். நடுவில் படாத அடியில் தலை எவ்வளவு திருகாமல் நிற்கிறது என்பதைக் காட்டும் எம்ஓஐ எண்ணுக்கு 5,900 எல்லை. நான்காவது, எல்லாவற்றிலும் பெரியது, முகத்தின் துள்ளல்.

டைட்டானியத்தில் முகத்தை மெல்லிசாகச் செய்தால் பந்து படும்போது அது லேசாக உள்ளே போய் ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும். தொண்ணூறுகளில் தலைகள் பெரிதாகி முகங்கள் மெலிந்தபோது இந்த விஷயம் சூடு பிடித்தது. 1998இல் யுஎஸ்ஜிஏ இதற்கு ஒரு வரம்பு போட்டது. 2000இல் காலவே கம்பெனி இஆர்சி 2 என்ற டிரைவரைக் கொண்டுவந்தது. அமெரிக்க விதிப்படி அது செல்லாது. ஆர் அண்ட் ஏ பக்கம் அப்போது அப்படி ஒரு வரம்பே இல்லை. ஒரே மட்டை அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் சட்டவிரோதம், அந்தப் பக்கம் சரி! பொழுதுபோக்குக்கு ஆடுபவர்கள் இதை வைத்து ஆடினால் என்ன என்று பழம்பெரும் வீரர் ஆர்னால்ட் பால்மர் சொன்னார். அதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் இரு அமைப்புகளும் ஒரே அளவுக்கு வந்து சேர்ந்தன. 2004 முதல் அளக்கும் முறையும் எளிதாகிவிட்டது. ஒரு சிறிய ஊசல் கருவி இரும்புக் குண்டு ஒன்றை டிரைவர் முகத்தில் மோதவிடும். குண்டு முகத்தோடு ஒட்டியிருக்கும் நேரத்தை அளப்பார்கள். 239 மைக்ரோ விநாடி, அதோடு 18 சலுகை, ஆகமொத்தம் 257. அதற்கு மேல் போனால் தலை செல்லாது.

இந்த 257ஐ எல்லாக் கம்பெனிகளும் எப்போதோ தொட்டுவிட்டன. எவ்வளவு நெருக்கமாக என்றால், அடித்து அடித்து முகம் தேய்வதிலேயே சில டிரைவர்கள் எல்லையைத் தாண்டிவிடுகின்றன. 2019 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்கு முன் அமெரிக்க வீரர் ஸாண்டர் ஷாஃப்லேயின் டிரைவர் சோதனையில் தோற்றது. 2025 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் முன்னணி வீரர்கள் ரோரி மெக்கில்ராய், ஸ்காட்டி ஷெஃப்லர் இரண்டு பேருடைய டிரைவரும் தோற்றன. ஷெஃப்லர் மாற்று டிரைவரை எடுத்து ஆடி, அந்தக் கோப்பையையும் வென்றார். டிரைவர் விளம்பரம் எதையாவது பார்த்து மனசு ஆடும்போது இந்தக் கடைசி விவரத்தை நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, முகத்தைக் கூடுதலாகத் துள்ளவைத்துத் தூரம் தர இனி வழியில்லை. புது டிரைவர் தரும் ஒவ்வொரு கெஜமும் வேறு எங்கிருந்தோதான் வர வேண்டும்: நீளமான ஷாஃப்ட் (மட்டையின் தண்டு), குறைந்த எடை, குறைந்த ஸ்பின் (பந்தின் சுழற்சி), மாறிய லாஃப்ட் (முகத்தின் சாய்வு), அல்லது நடுவில் படாத அடிகளில் இழப்பைக் குறைப்பது. எங்கிருந்து வருகிறது என்று கேட்பதுதான் இனி உங்கள் வேலை.

நட்சத்திரக் குறியைப் பின்தொடருங்கள்

ஒரு விளம்பரத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். இது நான் மாதிரிக்கு எழுதியது, எந்தக் கம்பெனியுடையதும் அல்ல. ஆனால் அச்சு இப்படித்தான் இருக்கும்.

"12 கெஜம் வரை கூடுதல் தூரம்!*" கீழே பொடி எழுத்தில்: "*95 மைல் வேகத்தில் ரோபோ சோதனை. எங்கள் முந்தைய மாடலுடன் ஒப்பிட்டது. முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்ட அடி."

"வரை" என்ற சொல்லைப் பாருங்கள். பூஜ்யமும் 12 வரைக்குள்தான் வரும். அடுத்து, "முந்தைய மாடல்" என்றால் எது? போன வருடத்தையதா, நான்கு வருடத்துக்கு முந்தையதா, அதே விலையுள்ளதா? உங்கள் பையில் இருக்கும் மட்டையோடு யாரும் ஒப்பிடவில்லை. ரோபோ என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே பாதை, ஒரே வேகம். ஆராய்ச்சிக்கு அது அருமையான கருவி. ஆனால் புது மட்டை கையில் கிடைத்த உற்சாகத்தில் இழுத்து விளாசும் பழக்கம் அதற்கு இல்லை. அப்புறம் "கீழ்ப்பகுதியில் பட்ட அடி." எந்த இடத்தில் பழைய மாடல் மோசமாக இருந்ததோ அந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். நடுவில் பட்ட அடிக்கு எவ்வளவு என்று அந்தப் பொடி எழுத்தில் இருக்காது. 12 என்பது பந்து காற்றில் பறந்த தூரமா, விழுந்து உருண்டதையும் சேர்த்தா என்பதையும் தேடுங்கள். காய்ந்த தரையில் உருண்டு போவதற்கு மட்டை காரணமில்லை.

எல்லாப் பெரிய எண்ணும் வெறும் காற்று என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2012இல் டெய்லர்மேட் தன் ராக்கெட்பால்ஸ் ஃபேர்வே உட்டுக்கு (டிரைவரைவிடச் சிறிய தலையுள்ள நீள மட்டை, 3 உட் இந்த வகை) "17 கெஜம்" என்று விளம்பரம் செய்தது, பலர் சிரித்தார்கள். ஆனால் அந்த மட்டையில் விஷயம் இருந்தது. டிரைவர்கள் உச்சவரம்பைத் தொட்டுவிட்டிருந்தாலும் 3 உட் போன்ற மட்டைகளில் அப்போது இன்னும் இடம் மிச்சமிருந்தது. அடிப்பாகத்தில் முகத்துக்குப் பின்னால் ஒரு பிளவு போட்டு, முகத்தைக் கூடுதலாக வளையவிட்டார்கள். பிறகு மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள், அந்த இடமும் நிரம்பிவிட்டது. எந்த வகை மட்டை இன்னும் வரம்பைத் தொடவில்லை என்று பார்த்தால், எந்த விளம்பரத்தை நம்பலாம் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அயர்ன் செட் வாங்கினால் எண்ணைப் பார்க்காதீர்கள், லாஃப்டைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். அயர்ன் என்பது உலோகத் தலையுள்ள மட்டை, எண் கூடக் கூட தூரம் குறையும். கடையில் புது 7 அயர்னைக் கையில் கொடுப்பார்கள். உங்கள் பழைய 7ஐவிடப் பந்து 15 கெஜம் தள்ளிப் போகும். முகமெல்லாம் சிரிப்பாகிவிடும்.

அடியில் பொறித்திருக்கும் 7 என்பது வெறும் பெயர். எந்த விதியும் 7 அயர்னுக்கு இத்தனை டிகிரி சாய்வு இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 2023இல் வந்த டைட்டிலிஸ்ட் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள்: தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான டி100இல் 7 அயர்ன் 34 டிகிரி, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் டி350இல் அதே 7 அயர்ன் 29 டிகிரி. ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே எண், 5 டிகிரி வித்தியாசம். ஒரு அயர்னுக்கும் அடுத்ததற்கும் பொதுவாக 4 டிகிரி அளவில்தான் இடைவெளி. அதாவது அந்த 29 டிகிரி மட்டையில் 6 என்று பொறித்திருந்தாலும் யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். பழைய செட்டுகளில் 7 அயர்ன் 36 டிகிரி, அதற்கு மேலும் இருந்தது.

கம்பெனிக்காரர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். அது நியாயமான பதிலும்கூட. இன்றைய அயர்ன்களில் எடையைக் கீழேயும் பின்னாலும் தள்ளியிருக்கிறார்கள், அதனால் பந்து உயரமாகக் கிளம்புகிறது. பழைய லாஃப்டையே வைத்தால் வானத்துக்குத்தான் போகும், அதனால் நிமிர்த்தினோம் என்பார். சரி. ஆனால் லாஃப்ட் குறைந்தால் ஸ்பின்னும் குறையும். பந்து தூரம் போகும், கிரீனில் (குழி இருக்கும் குட்டைப் புல்தரையில்) விழுந்து நிற்காமல் பின்பக்கம் ஓடிவிடும். அதனால் தூரத்தை மட்டும் பார்க்காமல் பந்து இறங்கும் கோணத்தையும் கேளுங்கள், கடையில் அடியை அளக்கும் மெஷினில் அந்த எண் வரும். அயர்ன் அடி 45 டிகிரியை ஒட்டியாவது இறங்கினால் கிரீனில் நிற்க வாய்ப்பு உண்டு. மெதுவாக ஸ்விங் செய்பவருக்கு, நிமிர்ந்த லாஃப்ட் வந்தபின் 5 அயர்னைக் காற்றில் ஏற்றுவதே பாடாகிவிடும். அவருக்கு அந்த இடத்தில் ஒரு ஹைப்ரிட் (அயர்னுக்கும் உட்டுக்கும் நடுவிலான மட்டை) மேல்.

இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. 7 நிமிர்ந்தால் பிட்ச்சிங் வெட்ஜும் நிமிரும் (வெட்ஜ் என்பது குட்டை தூரத்துக்கான, அதிகச் சாய்வுள்ள மட்டை). பழைய 48 டிகிரி இப்போது 43, 44. சாண்ட் வெட்ஜ் மட்டும் 54, 56இலேயே நிற்கிறது. நடுவில் பெரிய ஓட்டை. அதை அடைக்க ஒரு கேப் வெட்ஜ், சில செட்டுகளில் இரண்டு, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். கடைக்குப் போகும் முன் கம்பெனி வலைத்தளத்தில் அந்த செட்டின் லாஃப்ட் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பழைய செட்டில் அதே டிகிரி எந்த எண்ணில் இருக்கிறதோ, அந்த மட்டையோடு புதியதை ஒப்பிடுங்கள்.

பெரிய வார்த்தைகள்

2024இல் டெய்லர்மேடின் க்யூஐ10 மேக்ஸ், பிங் கம்பெனியின் ஜி430 மேக்ஸ் 10கே இரண்டும் "10,000 எம்ஓஐ" என்று வந்தன. விதி 5,900தானே, எப்படி 10,000? விதி பார்ப்பது பக்கவாட்டில் திருகுவதை மட்டும்தான். மேல் கீழாகத் திருகுவதற்கு வரம்பில்லை. இரண்டையும் கூட்டிப் போட்டால் 10,000. பித்தலாட்டம் இல்லை, இரண்டும் உண்மையான அளவுதான், விதிக்கு உட்பட்டதுதான். முகத்தில் அங்கங்கே அடிக்கும் புதியவருக்கு இப்படிப்பட்ட தலை நிஜமாகவே உதவும். என்னைக் கேட்டால் எல்லா விளம்பரச் சொற்களிலும் புதியவருக்குக் கொஞ்சமாவது காசு பெறுமானம் உள்ளது இதுதான். பதிலுக்கு, எடை பின்னால் போகப் போக ஸ்பின் கொஞ்சம் கூடும். அதைக் குறைக்க அதே கம்பெனி "லோ ஸ்பின்" என்று இன்னொரு மாடல் விற்கும். அது வேகமாக ஸ்விங் செய்பவருக்கானது. மெதுவாக அடிப்பவர் அதை வாங்கினால் பந்து காற்றில் நிற்காமல் முன்னதாகவே விழும்.

செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சு 2019இல் காலவேயின் எபிக் ஃப்ளாஷ் டிரைவரோடு பெரிதாகக் கிளம்பியது. கம்ப்யூட்டர் 15,000 முறை வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்த்து முகத்தின் உட்புறத்தைத் தீர்மானித்தது என்றார்கள். உள்ளே பார்த்தால் அலை அலையாக, மனிதர் யாரும் வரைந்திருக்க முடியாத மேடு பள்ளம். வேலை நடந்தது உண்மை. ஆனால் அந்த முகமும் அதே 257க்குள் அடங்கியாக வேண்டும். 2022இல் டெய்லர்மேட் ஸ்டெல்த் டிரைவரில் 60 அடுக்குக் கார்பன் முகம் வைத்ததும் அப்படித்தான். முகத்தில் மிச்சமான எடையை வேறு இடத்தில் வைக்கலாம், அவ்வளவுதான்.

"டூரில் நம்பர் 1 டிரைவர்" என்பது எண்ணிக்கை. டாரெல் சர்வே என்ற நிறுவனம் போட்டிகளில் யார் பையில் என்ன இருக்கிறது என்று எண்ணித் தருகிறது. எண்ணிக்கை சரியாகவே இருக்கும். அந்த வீரர்களில் பலர் அதை வைத்து ஆடக் காசு வாங்குகிறார்கள் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். அவர்கள் வைத்திருக்கும் ஷாஃப்டும் நீளமும்கூடக் கடை மட்டையுடையதல்ல. பல வீரர்களின் டிரைவர் கடையில் விற்கும் 45.5 அங்குலத்தைவிடக் குட்டை. ஷாஃப்டில் எழுதியிருக்கும் ரெகுலர், ஸ்டிஃப் என்ற வார்த்தைகளுக்கும் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டிஃப் இன்னொன்றின் ரெகுலராக இருக்கலாம்.

கடையில் அடித்துப் பார்க்கும் நாள்

உங்கள் சொந்த மட்டையைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். எடுத்துப் போகாதவருக்கு எந்தப் புது மட்டையும் நன்றாகத்தான் அடிக்கும்.

முதல் பத்துப் பந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், உடம்பு சூடாகட்டும். அப்புறம் பழையதில் ஐந்து, புதியதில் ஐந்து, மறுபடி பழையதில் ஐந்து, புதியதில் ஐந்து. பழையதை முதலில் அடித்து முடித்துவிட்டுப் புதியதை எடுத்தால், உடம்பு சூடானதால் கூடிய வேகம் புதியதன் கணக்கில் ஏறிவிடும். கடைக்காரர்கள் வேண்டுமென்று செய்கிறார்கள் என்று சொல்லவில்லை, வழக்கம் அப்படி அமைந்துவிட்டது.

மெஷினில் மூன்று விஷயத்தைக் கேட்டுவிடுங்கள்: எந்தப் பந்து, எத்தனை அடி உயரத்துக்கு அமைத்திருக்கிறது, திரையில் காட்டுவது கேரியா (காற்றில் பறந்த தூரம்) மொத்தத் தூரமா. உயரம் முக்கியம். கடல்மட்டத்திலிருந்து 5,280 அடி மேலே இருக்கும் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் காற்று மெல்லிசு, பந்து கூடுதலாகப் பறக்கும். மெஷினில் அப்படி ஒரு எண் போட்டிருந்தால் சமவெளிக்காரரும் டென்வர் அடிதான் அடிப்பார். டிரைவரில் பந்து வேகத்தை மட்டை வேகத்தால் வகுத்து வரும் எண் ஏறக்குறைய 1.5தான் உச்சம். திரையில் 1.55 என்று வந்தால் மெஷின் தப்பாகப் படித்திருக்கிறது, அந்த அடியை விட்டுவிடுங்கள்.

அடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் கால் பவுடர் ஸ்ப்ரேயை முகத்தில் லேசாக அடித்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் படலம் படியும். ஒவ்வொரு அடிக்கும் பந்து பட்ட இடத்தில் பள்ளப் புள்ளிகளோடு ஒரு வட்டம் பதியும். ஐந்து பந்து அடித்துவிட்டுப் பாருங்கள்: ஒரு வட்டம் குதிகால் பக்கம் (ஷாஃப்டை ஒட்டிய பக்கம்), ஒன்று நுனியில், இரண்டு கீழே, ஒன்று எப்படியோ நடுவில். புதியவர் யாருடைய மட்டை முகமும் இப்படித்தான் இருக்கும். இந்த வட்டங்கள் எந்த மட்டையில் நெருங்கி வருகின்றன என்பது, எந்த மட்டை ஒரு அடியில் அதிக தூரம் போனது என்பதைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும். அதிக தூரம் போன அந்த ஒற்றை அடியைத்தான் திரையும் பெரிதாகக் காட்டும், நம் மனசும் பிடித்துக்கொள்ளும். சராசரியையும், இடது வலது சிதறலையும் எழுதிக்கொள்ளுங்கள். நீளமான ஷாஃப்ட் உங்களுக்கு நடுவை விட்டு விலகுகிறது என்று தெரிந்தால், ஒரு அங்குலம் குட்டையாக வெட்டிப் பார்க்கச் சொல்லலாம். தலையின் எடை உணர்வு மாறும், அதைக் கடையிலேயே சரிசெய்வார்கள்.

வாங்கும்போது

இந்த வருட மாடல் வந்த நாளிலேயே போன வருட மாடலின் விலை இறங்கும். இரண்டு வருடம் பழையது இன்னும் இறங்கும். இரண்டும் அதே உச்சவரம்பை ஒட்டிச் செய்தவை. புதியவருக்கு என் யோசனை: போன மாடல் தலை, உங்களுக்குப் பொருந்தும் ஷாஃப்ட், மிச்சப் பணத்தில் ஒரு பயிற்சியாளரிடம் சில வகுப்புகள்.

இணையத்தில் "ஹை சிஓஆர்" (அதிகத் துள்ளல்) என்று தனியாக விற்கும் டிரைவர்கள் வேண்டுமென்றே வரம்பை மீறியவை. நண்பர்களோடு ஆடலாம், விதிப்படி நடக்கும் போட்டியில் செல்லாது. ஸ்கோர் கணக்கிலும் சிக்கல் வரும். சந்தேகம் வந்தால் யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ வலைத்தளங்களில் விதிக்கு உட்பட்ட டிரைவர் தலைகளின் பட்டியல் படத்தோடு இருக்கிறது. தலையின் அடியில் எழுதியிருப்பதை அதோடு ஒத்துப் பாருங்கள். எழுத்து, குறி, லாஃப்ட் எல்லாம் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

பாதி விலைக்கு, பெட்டி பிரிக்காத, இந்த வருட மாடல் என்று முன்பின் தெரியாத ஆள் விற்றால் அது பெரும்பாலும் போலி. தலையின் கழுத்தில் இருக்கும் வரிசை எண்ணைப் படமெடுத்து, கம்பெனிக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள். பழைய மட்டை வாங்குவதாக இருந்தால் தலையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால், பசை உடைந்து ஏதோ கழன்றிருக்கிறது. முகத்தின் மேல்விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிடுங்கள்.